எலுமிச்சம்பழத்தின் மேல் ஒரு ஹெலிகாப்டர்

1

இந்தக் கதை பாளையங்கோட்டை டவுன் பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டில் ஒருவர், "ஹெலிகாப்டருக்கு மஞ்சக்காப்பு சாத்துவாங்களாவே?" என்று பக்கத்து ஆளிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போயிற்று. இப்படியொரு பேச்சைப் பாதியில் விட்டு இறங்குகிறவன் கதை எழுதப் புறப்படக் கூடாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அந்திச் சூரியன் தாமிரபரணியில் குங்குமம் கரைக்கும் வேளையில், அந்த இரும்புப் பறவை தன்

(நிறுத்திவிட்டேன். அது இரும்பு இல்லை, அலுமினியம். பறவையும் இல்லை, பறவை எண்ணெய் கேட்காது.)

2

நேராகவே சொல்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி. அதன் வாசலில் நிறுத்துவதற்காக, படையிலிருந்து கழித்துவிட்ட ஒரு பழைய ஹெலிகாப்டரைத் தாளாளர் ஆவுடைநாயகம் லாரியில் கொண்டுவந்து இறக்கினார். பழுதுபார்க்க வந்தவர் தேவசிகாமணி, விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாலில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். "ஏலே, நீயா?" என்று அதன் மூக்கில் ஒரு தட்டு தட்டினார். அவர் கை படாத திருகாணி அதில் ஒன்றுகூட இல்லை.

புகைபோக்கியிலிருந்த குளவிக்கூட்டை எடுத்தார். எலி தின்ற ஒயர்களை மாற்றினார். பல்சக்கரப் பெட்டியைக் கழுவினார். அவருக்கு ஒரே ஆசை: தலைக்கு மேலுள்ள விசிறி ஒருமுறையாவது தன் பலத்தில் சுற்ற வேண்டும்.

"பொம்மைக்கு எதுக்குவே எண்ணெய்? பெயின்ட் அடிச்சு நிறுத்தும்," என்றார் ஆவுடைநாயகம்.

"பொம்மைன்னா என்னைய எதுக்கு அண்ணாச்சி கூப்பிட்டிய? ஆசாரியக் கூப்பிட்டிருக்கலாமே."

3

இதன் பணி வரலாறு வீரமாக இருக்கும், பாதிக் கதையை அதை வைத்தே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். தேவசிகாமணி கெடுத்தார். பனிமலை முகாம்களுக்குச் சமையலுக்கு உயிராடு சுமந்த வண்டியாம் இது. போகும்போது ஆடு*, வரும்போது காய்ச்சல்காரச் சிப்பாய். ஓய்வு பெற்றபின் ஒரு கொட்டகையில் கிடந்தது. தாமிரபரணியில் டிசம்பர் வெள்ளம் வந்தபோதும் அங்கேதான் கிடந்தது. இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம்.

(* இப்படிப் பறந்த கிடா ஒன்று, அதன்பிறகு தரையில் முளைத்த புல்லைத் தொடவே இல்லையாம். உச்சிக்கிளைத் தழை என்றால்தான் வாயைத் திறக்குமாம். இதை நான் இட்டுக்கட்டவில்லை. உச்சிக்கிளை மட்டும்தான் என்னுடையது.)

4

திறப்புவிழா அன்று ஏரலிலிருந்து சுடலைவடிவு வந்தாள். அந்த வெள்ளத்தில் மொட்டைமாடியில் தவித்த அவளையும் நிறைமாத மகள் பொன்செல்வியையும் ஒரு ஹெலிகாப்டர் கயிறு விட்டுத் தூக்கியிருந்தது. தூக்கிய வண்டிக்குப் பூசை போடுவதாக அந்தரத்தில் தொங்கிக்கொண்டே நேர்ந்திருக்கிறாள். பேப்பரில் இதன் படம் வந்ததும், இதுதான் அது என்று முடிவுகட்டிவிட்டாள்.

மூக்குக்குச் சந்தனம். வாலுக்கு மாலை. புது வண்டிக்குச் செய்வதுபோல மூன்று சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம்.

"வண்டிய எடுங்க, பழம் நசுங்கணும்."

ஆவுடைநாயகம் ஆட்களைக் கூப்பிட்டார். "ஏலே, பைய தள்ளுங்கலே."

"தள்ளுதியளா?" சுடலைவடிவு குறுக்கே வந்து நின்றாள். "தள்ளி நசுக்க இது என்ன காயலாங்கடைச் சாமானா? தானா உருளணும். இல்லைன்னா என் நேர்ச்சை பாதியிலதான் நிக்கும். நிக்கட்டும். தடுத்தவுக தலையில நிக்கட்டும்."

வழக்கு, வாய்தா எதற்கும் அசையாத ஆவுடைநாயகத்துக்கு நெற்றி வியர்த்தது. "எண்ணெய் வாங்கிட்டு வாங்கலே," என்றார். பிறகு தேவசிகாமணியிடம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லும்வே. இந்தம்மாவத் தூக்குனது இதுதானா? வேற வண்டின்னா நேர்ச்சையும் இல்ல, எண்ணெயும் இல்ல."

5

இங்கே எனக்குத் தேவசிகாமணி மேல் சந்தேகம் வந்துவிட்டது. மனுஷன் பொய்யே சொல்லாதவர். இதை யார் நம்புவார்கள்? ஒரு சான்று தருகிறேன்: பெண் பார்க்கப் போன இடத்திலேயே பஜ்ஜி வேகவில்லை என்று சொன்னவர். யூனிஸ் அப்படியும் அவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும், நாம் கிறிஸ்தவச் சபைக்காரராயிற்றே என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர். இப்போது அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய விசிறி சுற்ற இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே வழி அந்தப் பழம்தான்.

6

முடிவு அ: "ஆமா," என்கிறார். விசிறி சுற்றுகிறது, பந்தல் பறக்கிறது, ஆவுடைநாயகத்தின் வேட்டி வல்லநாட்டு மலை தாண்டி

(ஆசைதான். ஆனால் மறுநாள் யூனிஸின் பஜ்ஜியைப் பார்த்து "வெந்திருக்கு" என்பார். அந்த அம்மாள் தாங்கமாட்டாள்.)

முடிவு ஆ: "இல்லம்மா, இது ஆடு சுமந்த வண்டி." சுடலைவடிவு முந்தானையால் சந்தனத்தைத் துடைத்து

(எழுத வரவில்லை.)

முடிவு இ: "இது அதில்லைன்னு தெரியும் அண்ணாச்சி. யாருக்காவது நன்றி சொல்லணும்லா," என்கிறாள் சுடலைவடிவு.

(கண்ணைத் துடைக்க நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். வேண்டாம். அதோடு, அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.)

7

எண்ணெய்க் கேன் வந்துவிட்டது. "சொல்லுங்க அண்ணாச்சி, இதுதான?" என்கிறாள் சுடலைவடிவு.

என்னைக் கேட்டிருந்தால் அவள் வாயை மூடுமுன் பதில் சொல்லியிருப்பேன். புளுகுவதற்கு நான் கூலி கேட்பதில்லை. ஆனால் கேட்டது அவரை. அவர் தொண்டையைச் செருமியாயிற்று. இனி அவருக்கு ஒரு சொல் வேண்டும். நீங்களே கொடுங்கள்.

கொடுக்கும்வரை பொன்செல்வியின் இடுப்பிலிருக்கும் பிள்ளையைப் பார்க்காதீர்கள். அது அண்ணாந்து விசிறியைப் பார்த்தபடி, "சுத்து, சுத்து" என்று கையைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது.