நாற்பத்தொன்பதாவது அறிக்கை

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு ‘வெந்நீர் மேடம்’ என்று பெயர். பக்கத்துக் கட்டடத்துப் பேராசிரியர் வைத்தது. தண்ணீரில் மூழ்கிய உலோகத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால், செலுத்தியதைவிட அதிகச் சூடு திரும்பி வருகிறது என்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பைத்தியம் என்று வைக்கவில்லையே, அதுவரைக்கும் சந்தோஷம்.

அந்த ஆராய்ச்சியின் பேரைக் கேட்டாலே மேலிடத்தில் நிதியை நிறுத்திவிடுவார்கள். அதனால் நான்கு வருடத்துக்கு முன் இயக்குநரே ஒரு வழி சொன்னார்.

“துரு பத்தின ஆராய்ச்சின்னு எழுதுங்கம்மா. கூடுதல் சூடு வந்தா கருவிப் பிழைன்னு போட்டுடுங்க. காலம் மாறட்டும், பாத்துக்கலாம்.”

மாதா மாதம் சூடு வந்தது. மாதா மாதம் அவள் ‘கருவிப் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

காலமும் மாறித் தொலைத்தது. புதிய அமைச்சர் அதே ஆராய்ச்சிக்குத் தனி நிதி அறிவித்தார். நேற்றுவரை மூக்கைப் பொத்திக்கொண்டவர்களெல்லாம் முண்டியடித்து வரிசையில் நின்றார்கள். அவள் மூச்சிரைக்க மாடியேறி இயக்குநர் அறைக்குப் போனாள்.

மேசைமேல் அவளுடைய அறிக்கைகள் கிடந்தன.

“நிதிக் குழு பாத்துச்சும்மா. நாப்பத்தெட்டு மாசமா வந்த சூடெல்லாம் பிழைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பக்கத்துக் கட்டடத்துக்காரருக்குக் குடுத்துட்டாங்க.”

“நீங்கதானே சார் அப்படி எழுதச் சொன்னீங்க?”

“சொன்னேன். கையெழுத்து யாரோடது?” அவர் குரலை இறக்கினார். “உங்க அறையும் அவருக்குத்தான். கடைசி அறிக்கையக் குடுத்து முடிச்சிடுங்க. பழையபடியே இருக்கட்டும். இப்ப மாத்தி எழுதினா நாலு வருஷமும் ஏமாத்தினதா ஆயிடும். உங்க கண்ணாடிக்காரர் வேலையும் சேர்ந்து போயிடும்.”

கண்ணாடிக்காரர் என்பது அவளுடைய சோதனைக் குடுவைகளை ஊதிச் செய்து தருபவர். போன மாதம்தான் மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்தார். அவள் தன் ஆய்வறைக்குள் நுழைந்ததும் வெப்பமானியைக் காட்டினார்.

“அக்கா, ஒன்பது டிகிரி கூட! பத்தொன்பது நாளா இறங்கவே இல்ல. இந்தத் தடவையாவது உள்ளத எழுதுவீங்கல்ல?”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினாள். பழகிய கை, ‘கருவிப் பிழை’ என்றே போட்டது.

“சுவிட்ச அணைச்சிடு தம்பி.”

அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டி அறிக்கையைப் படித்தார். முகம் சுண்டிப்போனது. போய் சுவிட்சை அணைத்தார், குடுவையின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“உங்களுக்கே நம்பிக்கை இல்லாமதான் இருந்துச்சாக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அவள் தலைநிமிராமல், “ஆமா” என்றாள்.