காலையிலிருந்து கடவுளோட சண்டை

அன்னிக்குக் காலையில மார்கிட்டுக்கு ஒரு வாய் ரொட்டி கூட உள்ள இறங்கல.

ஐம்பத்தி மூணாம் வருஷம் மே மாசம், கிழக்கு ஜெர்மனி, கம்யூனிஸ்ட் ஆட்சி. மார்கிட் பெட்சோல்ட்டுக்குப் பதினேழு வயசு. பள்ளி இறுதிப் பரீட்சைக்கு இன்னும் மூணே வாரம். அதை எழுதினாத்தான் டாக்டருக்குப் படிக்கலாம். ஆனா அதுக்கு முன்னால, இன்னிக்குப் பத்து மணிக்கு, மொத்தப் பள்ளிக்கூடமும் பார்க்க மேடையேறி ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடணுமாம். சர்ச்சு இளைஞர் கூட்டம் அமெரிக்காவோட உளவு வேலை, நான் அதுலேர்ந்து விலகுறேன்னு. போடலன்னா பள்ளிக்கூடமே கிடையாது. கூட்டம் நடத்தின போதகரைச் செவ்வாக்கிழமை வண்டியில ஏத்திக்கிட்டுப் போனவங்க, எங்க வச்சிருக்காங்கன்னு அவர் சம்சாரத்துக்குக் கூடச் சொல்லல.

உளவாம். பதினொரு பிள்ளைங்க சர்ச்சுப் பின்னறையில பாட்டுப் பாடி, வேதம் படிச்சு, உருளைக்கிழங்கு சுட்டுத் தின்னது உளவாம். உருளைக்கிழங்கு வெந்துச்சா வேகலையான்னு அமெரிக்காவுக்கு எதுக்குடா?

அவங்க வீட்டுல ஒரு வழக்கம். ஒரு மரப்பெட்டி நிறையச் சுருட்டின காகிதம், ஒவ்வொண்ணுலயும் ஒரு வசனம். காலையில ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும், அன்னிக்குக் கடவுள் சொல்றது அதுதான். "பயப்படாதே"ன்னு மட்டும் அதுல இருபது சீட்டு இருக்கும். மார்கிட் கண்ணை மூடிக்கிட்டு எடுத்தா.

மழைக்கு நன்றி சொல்ற வசனம். வெளிய ஒரு மாசமா மழையே இல்ல.

ரெண்டாவது சீட்டு எடுக்க என்னிக்கும் விடாத அம்மா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. "வேணும்னா இன்னொண்ணு எடுத்துக்கோ, நான் பார்க்கல."

மார்கிட் எடுக்கல. கடவுளுக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்குன்னா இருந்துட்டுப் போகட்டும்.

பள்ளிக்கூடம் வரைக்கும் வழியெல்லாம் திட்டிக்கிட்டே போனா. ஜெபத்துல வர்ற மரியாதையெல்லாம் காத்துல போச்சு. எனக்கு உயிர் போகுது, நீ மழையைப் பத்திப் பேசுறியா? உன்னாலதானே எனக்கு இந்த நிலைமை? போதகரையும் பிடிச்சுக் குடுத்துட்ட. ஒரு வார்த்தை, ஒரே ஒரு நல்ல வார்த்தை கேட்டேன், அதுக்குமா பஞ்சம்?

மண்டபத்துல ரோஸ்விதாவைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. அந்தப் பதினொரு பேர்ல ஒருத்தி, உருளைக்கிழங்கைக் கருக்குறதுல கெட்டிக்காரி. கையெழுத்தைப் போட்டு, சட்டைக் காலர்ல இருந்த சிலுவைப் பின்னைக் கழட்டி மேசைமேல வச்சுட்டு, யார் முகத்தையும் பார்க்காம இறங்கிப் போனா. அடுத்தது மார்கிட். மேடையேறினா.

தலைமை ஆசிரியர் கிராமர் அதட்டல. குனிஞ்சு, அப்பா மாதிரி மெதுவாப் பேசினாரு. நல்லாப் படிக்கிற பொண்ணு, வாழ்க்கையைக் கெடுத்துக்காதேன்னாரு. "மேல ஒருத்தர் இருக்காருன்னு உனக்கே நம்பிக்கை இல்லதானே, பெட்சோல்ட்?"

தலையை ஆட்டினாப் போதும். ஆட்டத்தான் போனா. அப்பத்தான் அவளுக்கே உறைச்சுது. காலையிலிருந்து ஒருத்தரை நிக்கவச்சுத் திட்டிக்கிட்டிருக்கா. அவருக்குக் கேக்குதான்னு ஒரு தடவை கூடச் சந்தேகம் வரல.

"ஏழு மணியிலிருந்து அவரோட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன் சார். இல்லாத ஆள்கிட்ட யாராவது இவ்வளவு கோவப்படுவாங்களா?"

பின்வரிசையில யாரோ சிரிச்சு, சட்டுனு அடக்கிக்கிட்டாங்க.

"இதுல எழுதியிருக்கிறது பொய். போட மாட்டேன்." பேனாவை மூடி வச்சா.

பையை எடுத்துக்கிட்டு இப்பவே வெளிய போன்னாரு கிராமர். முந்நூறு பேருக்கு நடுவுல நடந்தா. தெருவுக்கு வந்ததும் மறுபடி ஆரம்பிச்சுட்டா: திருப்திதானே? பரீட்சை போச்சு. வா, அம்மாகிட்ட வந்து நீயே சொல்லு.