கோட்டைக்கு ஒரு முகம்

1

இந்தக் கதையில் பாதி என்னுடையது அல்ல. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து குன்றத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் முனிரத்தினம் என்ற பெயின்டர் சொன்னது. குன்றத்தூர் வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு முடிவைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

நடந்தது 1991 மார்ச்சில். அந்த வருடம், ஸ்ரீபெரும்புதூர் என்றதும் உங்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். அது மே மாதம். இந்தக் கதை அதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

2

முதல் தொடக்கம்: "அந்தக் கோட்டையின் சுவரில் முந்நூறு வருடமாகக் கடல்..."

வேண்டாம். கதை நடப்பது மண்ணூரில். அங்கே கடல் கிடையாது. லீலா அந்தக் கோட்டையைப் பார்த்ததும் கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: "லீலாவின் மகளுக்கு இதயத்தில் ஓட்டை. நிரந்தர வேலை கிடைத்தால்தான்..."

அடித்துவிட்டேன். ஆறு வருடம் ஒரே ஷெட்டில் வேலை செய்தவள் நிரந்தரம் கேட்பதற்கு, வீட்டில் யாருக்கும் நோய் வரவேண்டியதில்லை.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

லீலா மண்ணூரில் ஒரு ஃபைபர் கிளாஸ் கம்பெனியில் கேஷுவல் தொழிலாளி. தண்ணீர்த் தொட்டி, பஸ் சீட், கல்யாண மண்டபத்து யானை எல்லாம் அங்கே வார்ப்பார்கள். தொடர்ந்து இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தால் நிரந்தரம் கேட்க வழி பிறந்துவிடும். ஆகவே இருநூற்று முப்பதாம் நாள் நிறுத்துவார்கள். கொஞ்ச நாள் கழித்து வேறு பெயரில் சேர்த்துக்கொள்வார்கள். ரிஜிஸ்டரில் அவள் சசிகலாவாக இருந்திருக்கிறாள், சரோஜாவாக இருந்திருக்கிறாள். இந்த வருடம் சுந்தராம்பாள். கேட்டில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் குரல் கொடுக்கவேண்டும். ஒருநாள் மறந்துபோய்ச் சும்மா நின்றாள். அரை நாள் ஆப்சென்ட்.

3

அந்த வருடம் ஓர் ஆர்டர் வந்தது. கடலோரத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை ஒன்றை 'உயிருள்ள அருங்காட்சியகம்' ஆக்கப்போகிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் கோட்டையின் அன்றைய வாழ்க்கை கண்முன் தெரியவேண்டும். அதற்கு மனிதர்கள் தேவை. ஃபைபரில்.

[கோட்டைக்குள் பதினேழு குடும்பங்கள் குடியிருந்தன. வலை பின்னினார்கள், சோறு பொங்கினார்கள், சண்டை போட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு உயிர் வரவேண்டும் என்பதால் அவர்களை வெளியேற்றினார்கள். இதையெல்லாம் ஓரத்தில் சின்ன எழுத்தில் போடுவதுதான் வழக்கம். நானும் அப்படியே செய்கிறேன்.]

சிப்பாய், கணக்கர், துணி வியாபாரி மூவருக்கும் புத்தகத்தில் படம் இருந்தது. அதைப் பார்த்துக் களிமண்ணில் முகம் செய்து வார்த்துவிட்டார்கள். நான்காவது, கப்பலேற்றக் கட்டிவைத்திருக்கும் அடிமைப் பெண். அவளை யாரும் படம் வரைந்து வைக்கவில்லை.

சூப்பர்வைசர் பாண்டுரங்கன் லைனில் நடந்துகொண்டே ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்தார். லீலாவிடம் நின்றார்.

"இன்னா லீலா, ஃபோட்டோ புடிக்கற மாதிரிதான். கண்ண மூடிக்கினு பத்து நிமிசம் அசையாம இரு."

"யாருக்கு சார் எம் மூஞ்சி?"

"ராணிக்கு."

பக்கத்தில் வார்ப்புக்கான ரெசின் பசை கலக்கிக்கொண்டிருந்த செங்கமலம் சிரித்துவிட்டாள். "ராணின்னா என்னிய இல்ல கூப்ட்டிருப்பாரு? உன்னுது பட்டினி கெடந்த மூஞ்சிடி."

பாண்டுரங்கன் மறுக்கவில்லை.

"என்னிய பர்மனென்ட் பண்ணுங்க சார். மூஞ்சி தரேன்."

"லிஸ்ட்ல பேரு போட்றேன். லோடு போவட்டும்."

"எந்தப் பேரு?"

"உம் பேருதாம்மா."

முகத்தில் வாசலைன் தடவி பிளாஸ்டர் பட்டை சுற்றினார்கள். மூக்கில் இரண்டு ஸ்ட்ரா. [இங்கே அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கப்பலின் அடித்தளம், இருட்டு, முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒருத்தியின் மூச்சு. பொய். அவள் மூச்சு விடுவதை மட்டும்தான் நினைத்தாள்.]

4

கண்ணை மூடிய முகத்தை வார்த்தால் சிலையும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கும். இது யாருக்கும் தோன்றவில்லை. ஆர்டர் கொடுத்த அதிகாரி வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

"தூங்கற மாதிரி இருக்கே. வர்றவங்களப் பாக்கணும்யா."

நாலு மணிக்கு லாரி.

கண் எழுதுவது முனிரத்தினத்தின் வேலை. மூன்று ஆண்களுக்கும் சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எழுதி முடித்தவர், பெண்ணிடம் வந்ததும் பாட்டை நிறுத்தினார். ஆடி மாதத்தில் அம்மன் சிலைகளுக்குக் கண் திறக்கிறவர் அவர். திறந்த கண்ணின் முதல் பார்வை எதிரே நிற்கிறவரைத் தாக்கும் என்பார். அதனால் நேர் எதிரே ஒரு கண்ணாடியை வைத்துவிட்டு, பக்கவாட்டில் நின்றுதான் திறப்பார்.

"நான் தொட மாட்டேன் சார். உசுரோட கீறவ மூஞ்சி. கண்ணு தொறந்தா, எது செல, எது பொம்பளன்னு அதுக்குத் தெரியாது."

"யோவ், இது பொம்மய்யா. டேங்குக்கு மூடி போட்ற மாதிரி."

"அப்ப நீங்களே போடுங்க மூடி."

பாண்டுரங்கன் லீலாவின் பக்கம் திரும்பினார். "லோடு போவலன்னா லிஸ்ட்டும் போவாது. சொல்லிட்டேன்."

"குடுங்கண்ணா," என்று லீலா முனிரத்தினத்திடம் பிரஷை வாங்கினாள். "எம் மூஞ்சிதானே. நானே தொறக்கறேன்."

[இந்த இடத்தில் லீலாவை என்னால் நம்ப முடியவில்லை. பயமே இல்லையா? மூன்று முறை எழுதிப் பார்த்தேன். பயந்தாள். அந்தப் பயத்தைவிட இருநூற்று முப்பதாம் நாள் பெரிதாக இருந்தது.]

உப்புத்தாளால் இமைகளைத் தேய்த்துச் சமமாக்கினாள். வெள்ளை அடித்துக் காயவிட்டாள். பக்கவாட்டுக்கு நகர்ந்து, கறுப்பைத் தொட்டுக்கொண்டு நிறுத்தினாள்.

"சார், நேரா வந்து நில்லுங்க."

"எதுக்கு?"

"கண்ணாடி இல்ல. மொதப் பார்வ யாரு மேலயாவது வுழணும். பொம்மதானே சார்?"

செங்கமலம் கலக்குவதை நிறுத்தினாள். யாரோ ஃபைபர் தேய்க்கும் கிரைண்டரையும் அணைத்தார்கள். பாண்டுரங்கன் சிரித்தார். ஓரடி முன்னால் வந்தார். பிறகு, லாரிக்கு கேட் பாஸ் எழுதவேண்டியது நினைவுக்கு வந்து திரும்பினார்.

"நிக்க வாணாம் சார். இப்பவே லிஸ்ட்ல எழுதுங்க."

"தொறந்து முடி. எழுதறேன்."

"எழுதுங்க. தொறக்கறேன்."

5

முடிவுகள்.

அ. திறந்தாள். சிலை கோட்டைக்குப் போயிற்று. பாண்டுரங்கன் வாக்குத் தவறவில்லை. லிஸ்டில் எழுதினார்: சுந்தராம்பாள். அறுபது வயது வரைக்கும் கேட்டில் அவள் அந்தப் பெயருக்குக் குரல் கொடுத்தாள்.

ஆ. திறக்கவில்லை. செங்கமலம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிரஷை வாங்கினாள். "எம் மூஞ்சி இல்லியே, எனக்கு இன்னா?" லிஸ்டில் செங்கமலத்தின் பெயர் ஏறிற்று. அவளும் எட்டு வருடக் கேஷுவல். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இ. திறந்ததும் சிலை பேசியது. [இல்லை. பேசவில்லை.]

இவற்றில் எதை வைத்தாலும், அதற்கு முன்னால் யாராவது சிலைக்கு எதிரே நின்றாகவேண்டும். பாண்டுரங்கன் கேட்டுக்குப் போய்விட்டார். முனிரத்தினம் பக்கவாட்டில் நிற்கிறார். நான் முதலிலிருந்தே லீலாவின் தோளுக்குப் பின்னால் நின்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்திரமான இடம். கல்லூரியில் அதை ஓர் உத்தி என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

வெளியே லாரி ஹாரன் அடிக்கிறது. பிரஷில் கறுப்பு இறுகிக்கொண்டிருக்கிறது.

அருங்காட்சியகம் பார்க்க வருகிறவர் நீங்கள். இவ்வளவும் உங்களுக்காகத்தான். வாருங்கள்.

அங்கே இல்லை. நேராக.