இடது ஓரத்து யானை

ஆறு வருஷமாக அவளுடைய எண் இரண்டாயிரத்து இருநூறைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது. இணையத்தில் மூன்று நிமிடச் செஸ் ஆடுகிறவர்களுக்கு அந்த எண்தான் முகம். ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். இரண்டாயிரத்து இருநூறு ஒன்றும் லேசான எண் இல்லை. அவள் வேலை செய்த பல்செட் லேப்பில் யாரும் அவளிடம் இருபது நகர்த்தல் தாங்க மாட்டார்கள். ஆனால் தம்பியின் எண் இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது. நடுவில் இருந்த நூற்றெண்பது புள்ளி அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

தம்பி இரண்டு வயது சின்னவன். மருந்துக் கடைகளுக்குப் பெட்டி இறக்குகிற வேன் ஓட்டினான். சரக்கு இறங்கும்வரை ஸ்டியரிங்கில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆடுவான். ஒரு செஸ் புத்தகத்தையும் புரட்டியதில்லை, கை தானாக ஓடும். வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஆறரை மணிக்கு, அக்காவும் தம்பியும் ஐந்து ஆட்டம் ஆடுவார்கள். ஐந்தில் அவள் ஒன்றைப் பிடித்தால் பெரிய விஷயம். அதுவும் பெரும்பாலும் நடுவில் அவனுக்குக் கடைக்காரரின் அழைப்பு வந்த ஆட்டமாக இருக்கும்.

அவளுக்கு நாற்பத்தொரு வயதானபோது அவன் சொன்னான்: "அக்கா, இந்த ஜென்மத்துல நீ ரெண்டாயிரத்து முந்நூறைத் தொட மாட்ட."

கிண்டலாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க மெழுகில் பல் பதிக்கும்போதெல்லாம் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கல்யாணம் ஒன்று நடந்து, முடிந்தும் போயிருந்தது. வீட்டில் பேச ஆள் இல்லை. இதையாவது உருப்படியாகச் செய்வோம் என்று ஒரு நோட்டு வாங்கினாள்.

ஒரு நாளைக்கு எட்டு ஆட்டம்தான் என்று வைத்துக்கொண்டாள். அடுத்தடுத்து இரண்டு தோற்றால் ஃபோனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள், ஏனென்றால் அவள் புள்ளிகளில் பாதி கோபத்தில் ஆடிய ஆட்டங்களில் போயிருந்தன. தோற்ற ஒவ்வொரு ஆட்டத்தையும் மறுநாள் மெதுவாகப் பார்த்து, ஏன் தோற்றோம் என்று ஒரு வரி எழுதினாள். 'அவசரம்.' 'ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தது.' 'இது எனக்குத் தெரியவே தெரியாது.' பஸ்ஸில் போகும்போது யானைகள் மட்டும் மிஞ்சுகிற முடிவாட்டங்களைப் போட்டுப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் அறுபது புள்ளி ஏறியது.

அப்புறம்தான் தம்பியிடம் ஜெயிக்க ஆரம்பித்தாள். முதல் வாரம் ஐந்தில் இரண்டு. அடுத்த மாதம் ஐந்தில் மூன்று. ஆட்டம் முடிந்ததும் ஃபோனில் பேசிக்கொள்வது வழக்கம்.

"என்னக்கா, எங்கயாவது கிளாஸ் போறியா?"

"நோட்டு போட்டிருக்கேன்டா. தோத்த ஆட்டத்தையெல்லாம் எழுதி வெக்கறேன்."

"அப்ப எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு. இன்னைக்கு யானையைச் சும்மா தூக்கிக் குடுத்தேன் பாரு. அது அங்க இருந்ததே தெரியல எனக்கு."

தோற்றவன் பேச்சு என்று விட்டுவிட்டாள். அவளும் எத்தனை முறை அப்படிச் சொல்லியிருக்கிறாள். அவனை ஜெயித்த ஒரு வெள்ளிக்கிழமை அவள் எண் இரண்டாயிரத்து முந்நூற்று நான்கு ஆனது. மறுநாள் லேப்பில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு விளக்க முடியவில்லை. "சும்மாதான், குடிங்க" என்றாள்.

முந்நூறைத் தொட்டபின் ஒன்று அவளை உறுத்தியது. மற்றவர்களிடம் பழையபடியே தோற்றுக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது எண் உள்ள யாரோடு ஆடினாலும் நான்கில் மூன்று போயிற்று. தம்பியிடம் மட்டும் கை ஓங்கியது. அவனிடம் ஆடும்போது என்ன சரியாகச் செய்கிறோம் என்று தெரிந்தால் அதையே எல்லாரிடமும் செய்யலாமே என்று நினைத்தாள். ஜெயித்த ஆட்டங்களை அவள் அதுவரை திரும்பிப் பார்த்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் அவனிடம் ஜெயித்ததில் வாரத்துக்கு ஒன்றிரண்டாகப் பத்தொன்பது ஆட்டத்தை எடுத்து வைத்தாள். முதல் ஆட்டத்தில் அவன் இடது ஓரத்து யானையைக் காவல் இல்லாமல் விட்டிருந்தான். இரண்டாவதில் அதே ஓரத்தில் ஒரு குதிரை. மூன்றாவதில் அவள் ராணி நெடுநேரமாகக் குறிவைத்து நின்ற சிப்பாய். அவள் ஒன்றும் பிரமாதமாக ஆடவில்லை. கண்ணுக்கு முன்னால் கிடந்ததை எடுத்திருந்தாள், அவ்வளவுதான். ஏழாவது ஆட்டத்தில் அவனுக்குக் கறுப்பு. அதில் தவறு பலகையின் மறு ஓரத்தில் நடந்திருந்தது. அப்பாடா, இது வேறு என்று நினைத்தாள். பிறகுதான் உறைத்தது. கறுப்பில் ஆடுகிறவனுக்குத் திரையில் பலகை திரும்பி நிற்கும். அந்த மறு ஓரமும் அவனுக்கு இடது ஓரம்தான்.

மீதி ஆட்டங்களை அவன் பக்கமிருந்து திருப்பி வைத்துப் பார்த்தாள். பத்தொன்பதில் பதினேழு. எல்லாம் இடது பக்கம். வலது பாதியில் அவன் எப்போதும்போல் புலியாக ஆடியிருந்தான்.

அவனைக் கூப்பிடாமல் அவன் மனைவியைக் கூப்பிட்டாள்.

"அவனுக்குக் கண்ணு சரியாத் தெரியுதாம்மா?"

"நானே சொல்லணும்னு இருந்தேன் அண்ணி. எங்கயோ இடிச்சு வேன்ல இடது பக்கக் கண்ணாடி போச்சு. அடுத்த வாரமே கதவை கேட்ல தேச்சுட்டார். தட்டுல ஒரு பக்கம் அப்படியே இருக்கு, சாப்பிட்டாச்சுன்னு எழுந்திரிக்கறார். கேட்டா, பசியில்லேங்கறார்."

"எப்ப இருந்து?"

"ரெண்டு மூணு மாசமா. கண் டாக்டர்கிட்ட காட்டிக் கண்ணாடி போடுங்கன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறார்."

ஒரு மணி நேரத்தில் அவள் தம்பி வீட்டில் இருந்தாள். அவனை நாற்காலியில் உட்கார வைத்து எதிரே உட்கார்ந்தாள். என் மூக்கையே பாரு, திரும்பக் கூடாது என்றாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களைக் காட்டினாள்.

"எத்தனை?"

"ரெண்டு."

அவனுக்கு வலது பக்கம் இரண்டு விரல். இடது பக்கம் ஐந்து விரலையும் விரித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டாள். மறுபடியும் ரெண்டு என்றான். அப்புறம் தலையைத் திருப்பிவிட்டான். ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தான். சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தான். பையில் கைவிட்டு வேன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இதை நீ எடுத்து வெச்சுக்கோக்கா" என்றான்.

ஸ்கேனில் தலையின் வலது பின்பக்கம் எலுமிச்சை அளவுக்கு ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். அவள் தேதி சொன்னாள். அது எப்படி இவ்வளவு கச்சிதமாகச் சொல்கிறீர்கள் என்றார். பத்தொன்பது ஆட்டத்தையும் சொன்னாள். அவர் நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்படி யோசிச்சு இப்ப என்னம்மா ஆகப்போகுது" என்றார்.

அது அவளுக்குப் போதுமான பதிலாக இருந்தது.

ஆபரேஷனில் முழுதும் எடுக்க முடியவில்லை. இடது பக்கப் பார்வை இனி வராது என்றார்கள். வேன் வேலை போயிற்று. தம்பி மனைவி ஒரு துணிக்கடையில் பில் போடப் போனாள். அக்கா நோட்டைப் பழைய துணிகளுக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு மாதம் செஸ் பக்கமே போகவில்லை. மூன்று மாதம் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு, தம்பியின் கண் போவதைப் புள்ளியாக எண்ணிக்கொண்டிருந்தோம் என்ற நினைப்பு லேப்பில் பல்செட்டைத் தேய்க்கும்போதும் அச்சு மாவு குழைக்கும்போதும் வந்து நின்றது. அரைக்கிற மெஷின் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது. அங்கேயே அழுதாள்.

அவனேதான் ஒருநாள் கூப்பிட்டான்.

"ஆறரை மணிக்கு வா."

"அரை மணி ஆட்டமா வெச்சுக்கலாம்டா. புள்ளியில்லாம, சும்மா."

"மூணு நிமிஷம். புள்ளியோட. இல்லேன்னா வேண்டாம்."

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அவன் தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. பதினைந்து நகர்த்தலுக்குள் அவன் கடிகாரம் தீர்ந்துவிடும். ஒரு ஆட்டத்தில் அவள் பாவம் பார்த்து, எடுக்க வேண்டிய காயை எடுக்காமல் தன் நேரத்தை ஓடவிட்டுத் தோற்றாள். உடனே அழைத்தான்.

"கடைசி ஒரு நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்த?"

"யோசிச்சேன்டா."

"பிஷப் சும்மா நிக்குது. அதை எடுக்க ஒரு நிமிஷமா?" குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எல்லாரும் வீட்ல என்னைத் தாங்கித் தாங்கித்தான் பேசறாங்க. நீயாவது எடு."

அதன்பிறகு அவள் எடுத்தாள். அவன் எண் இரண்டாயிரத்துக்குக் கீழே போயிற்று, அப்புறம் ஆயிரத்து எண்ணூறு. அவனை ஜெயித்தால் அவளுக்குக் கிடைப்பது ஒரு புள்ளியாகக் குறைந்தது. பிறகு அதுவும் நின்றது. மற்ற நாட்களில் நோட்டை வெளியே எடுத்து மறுபடி ஆடினாள். இப்போது ஜெயித்த ஆட்டங்களையும் விடாமல் பார்த்தாள். எதிராளி எங்கே தவறினான், ஏன் தவறினான் என்று பக்கம் பக்கமாக எழுதினாள். ஆட்டம் உண்மையாகவே கூடியது. வருஷக் கடைசியில் அவள் எண் இரண்டாயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து. தம்பியிடம் சொல்லவில்லை.

இரண்டாவது ஸ்கேனுக்குப் பிறகு அவன் கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. தம்பி மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணி, நீங்க ஆடறதை இவர் பாக்கணுமாம். திரையைப் பாத்தா தலை சுத்துது. நான் ஃபோன்ல பாத்துப் படிச்சுச் சொல்றேன். குதிரை எது, பிஷப் எதுன்னு கத்துக்கிட்டேன்."

அன்றிலிருந்து சாயங்காலம் ஆறரைக்கு அவள் யாரோ முகம் தெரியாதவர்களோடு ஆட, அந்த வீட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தம்பி மனைவி ஒவ்வொரு நகர்த்தலாகச் சொல்லிக்கொண்டு வருவாள். மூன்று நிமிட ஆட்டத்தின் வேகத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியாது. பாதி விட்டுப்போகும். விட்டதை அவன் தானே நிரப்பிக்கொள்வானாம், பெரும்பாலும் சரியாக.

போன வியாழக்கிழமை, முதல் ஆட்டம் முடிந்ததும் அக்கா ஃபோன் செய்தாள்.

"என்ன சொன்னான்?"

"பாதியிலேயே தூங்கிட்டார் அண்ணி. எழுப்பட்டுமா?"

"வேண்டாம். தூங்கட்டும்."

"நீங்க ஆடுங்க. நான் சொல்லிட்டே இருக்கேன்" என்றாள் தம்பி மனைவி.

அவள் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினாள்.