அழித்த இரண்டு வரிகள்

நான்காம் வகுப்பில் டெக்சாஸ் வரலாறு படிக்கும் பிள்ளைகள் வருடத்தில் ஒருநாள் பழைய தலைவர்களைப்போல் உடுத்திக்கொண்டு நிற்பார்கள். பார்க்க வருகிறவர்கள், பிள்ளையின் முன்னால் இருக்கும் சிவப்புக் காகித வட்டத்தைத் தொட்டால், அந்தப் பிள்ளை தலைவரின் கதையைத் தன் கதையாகச் சொல்ல வேண்டும். 2008 மார்ச்சில் என் மகள் அமலுக்குக் கிடைத்த தலைவர் ஸ்டீபன் ஆஸ்டின்.

எங்கள் ஊரான கேட்டியின் நூலகத்திலிருந்து அவள் எடுத்துவந்த புத்தகத்தை நான்தான் முதலில் முடித்தேன். 1820களில் மெக்சிகோவுக்குச் சொந்தமாக இருந்த இந்த மண்ணில் முந்நூறு குடும்பங்களைக் குடியேற்றியவர். அதற்கான அனுமதிக்காக மெக்சிகோ நகரத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் காத்துக் கிடந்தவர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

நானும் காத்துக் கிடந்தேன். என்னோடு கிரீன் கார்டுக்கு அப்ளை செய்த வேலுமணி கார்டை வாங்கி பிரியாணி விருந்தும் வைத்துவிட்டான். ஹாஜா நஜ்முதீன் என்ற என் பெயர் மட்டும் இரண்டு வருடமாகப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அமல் புத்தகத்தை என் முன் விரித்தாள்.

“அத்தா, லுக். எயிட்டி ஏக்கர்ஸ் ஃபார் ஈச் ஸ்லேவ். ஸ்லேவுக்கு இல்ல, ஓனருக்கு! ஐ வான்ட் டு சே திஸ்.”

அடிமை ஒருவரைக் கொண்டுவந்தால் எஜமானருக்கு எண்பது ஏக்கர் கூடுதல். அந்தப் பக்கத்தை நானும் வாசித்திருந்தேன். வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தேன்.

“அது வேணாம்மா. நல்லதை மட்டும் சொல்லு.”

“பட் இட்ஸ் ட்ரூ.”

“உண்மைதான். அதை நாமதான் சொல்லணுமா?”

மெஹர் நிஷா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஆமா, நாலாங் கிளாஸ் புள்ள பேசுறதை வாஷிங்டன்ல உக்காந்து கேக்குறாங்களாக்கும். சொல்லட்டுமே.”

“உனக்குப் புரியாது. இவங்க வீட்ல என்ன சொல்லித் தர்றாங்கன்னு யாராவது பிரின்சிபால்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணா?”

“லைப்ரரி புக்கைக் காட்டுங்க.”

நான் புத்தகத்தை மூடிவைத்தேன். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கூடாது. அமல் சிறிது நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடித்து, தான் எழுதியிருந்த இரண்டு வரிகளைத் தாள் கிழியாமல் மெதுவாக அழித்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில், வெட்டித் தைத்த என் பழைய கோட்டுக்குள் அவள் அசையாமல் நின்றாள். நான் சற்றுத் தள்ளிச் சுவரோரம் நின்றேன். கறுப்பினப் பெண் ஒருவர் வந்து சிவப்பு வட்டத்தைத் தொட்டார். அமலின் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா. அமல் தடுமாறாமல் சொன்னாள்: அனுமதி, முந்நூறு குடும்பங்கள், சிறைவாசம், டெக்சாஸின் தந்தை.

அந்த அம்மா முழுவதும் கேட்டார். பிறகு குனிந்து, அன்பாகத்தான் கேட்டார். ஆஸ்டினைப் பற்றி வேறு ஏதாவது தெரிந்துகொண்டாயா, கண்ணு?

அமல் என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்திருந்தால் போதும். பக்கத்து அட்டையில் இருந்த வரைபடத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். நதிகளின் பெயர்களைக்கூட வாசித்தேன்.

“நோ, மேம். தட்ஸ் ஆல்.”

அவர் சிரித்து, அவள் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்த மேஜை வரைகூடப் போயிருக்க மாட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அமலிடம் போய்க் குனிந்தேன்.

“அமல், நீ எழுதினதைச் சொல்லிடு. அவங்களைக் கூப்பிடட்டுமா?”

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இட்ஸ் ஓகே, அத்தா. ஐ ஃபர்காட் தட் பார்ட்.”

அவள் மறக்கிற பிள்ளை இல்லை. எனக்காகச் சொன்ன பொய் அது. சரி என்றேன். சொல்லிவிட்டு, என் இடத்துக்கே திரும்பிப் போய் நின்றுகொண்டேன்.