மீன் ஐஸில் போன குப்பி

குளிர்ப்பெட்டியில் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்த எழில்மொழி மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். ஒரு குப்பி குறைந்தது.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குப்பி. உள்ளே இளஞ்சிவப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் வைரஸ்.

மேசைக்கு அடியில் தேடினாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அப்புறம்தான் கவனித்தாள், குப்பிகளை ஐஸில் புதைத்து வைக்கும் தெர்மோகோல் பெட்டியை மேசையில் காணோம்.

"ஐயோ, மேரியக்கா!"

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஒரு பழைய வார்னிஷ் கிடங்கின் மாடியில் இருந்தது டாக்டர் ஜெபசிங்கின் ஆராய்ச்சிக்கூடம். அந்தக் கோடையில் கரண்டு போய்ப் போய் வந்ததில் ஐஸ் மெஷின் படுத்துவிட்டது. புதிது வரும்வரை காசிமேட்டு மீன் ஐஸ்தான். மீன்காரி அடைக்கலமேரி காலையில் பெட்டி நிறைய நொறுக்கிய ஐஸ் கொண்டுவருவாள். மாலையில் மிச்சத்தை ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கு எடுத்துப் போய்விடுவாள். "நல்ல ஐஸை சாக்கடையில கொட்டினா மாதா கண்ணைக் குத்தும்" என்பாள். டாக்டரும் சரி என்றுவிட்டார்.

ஐஸைக் கையால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் எழில் பெட்டியை வாசலில் வைக்கவேண்டும். இன்று துழாவவில்லை. வியாசர்பாடியிலிருந்து அம்மா போனில் கூப்பிடுகிறாள் என்றார்கள். கீழே போய் வருவதற்குள் மேரியே உள்ளே வந்து பெட்டியைத் தூக்கிப் போய்விட்டாள்.

எழில் சொன்னதைக் கேட்டுவிட்டு டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பதறாதம்மா. அது பெருகாத வைரஸ். பெருகுற ஜீனை வெட்டி எடுத்தாச்சே. ஒரு செல்லுக்குள்ள நுழையும், நாம வச்ச மனுஷ ஜீனை இறக்கும், அத்தோட சரி. ஓடிப்போய் வாங்கிட்டு வா. அவகிட்ட ஒண்ணும் விளக்கிட்டு நிக்காத."

அத்தோடு சரியா? அந்த ஜீன் என்ன செய்யும் என்று எழிலுக்குத் தெரியும். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணை ஆற்றுவதற்கான ஆராய்ச்சி அது. சதை வளரச் சொல்லும் ஜீனை, உடம்பு வழக்கமாகச் சொல்வதைவிடப் பல மடங்கு உரக்கச் சொல்லவைப்பது. எலிகளின் புண் மளமளவென்று மூடியது. சில எலிகளுக்கு மூடிய பிறகும் சதை வளர்வது நிற்கவில்லை. அந்த எலிகளுக்குத் தீனி போட்டவள் அவள்தான்.

ஷேர் ஆட்டோவில் தொங்காத குறையாகப் போய் இறங்கினாள். ஸ்டேஷன் ஓரம் மேரி சங்கரா மீனை அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் அம்மு, ஐந்து வயது, சொப்புச் சாமான் பரப்பி உட்கார்ந்திருந்தாள். வாயில் ஐஸ் துண்டு.

"இன்னா எழிலு, மூஞ்சி பேயறைஞ்சா மாதிரி கீது? ஆபீசர் திட்டிட்டாரா?"

எழில் குனிந்து பார்த்தாள். சொப்புகளுக்கு நடுவே குப்பி நின்றது. மூடி திறந்து, காலியாக.

"அம்மு, இதுல இருந்தத இன்னா பண்ண? குடிச்சியா?"

குழந்தை மிரண்டு அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"யம்மாடி, ஒரு பிளாஸ்டிக்குக்கா இப்டி மிரட்ற? எட்த்துகினு போ!"

"மருந்துக்கா அது. நாக்குல பட்டிருந்தா பாக்கணும். ரெண்டு நாள் கழிச்சி இட்டுகினு வா."

மருந்து. அந்தப் பொய் சொல்லும்போது நாக்கு அவளுக்கே கசந்தது. அம்முவின் வாயைக் கொப்பளிக்க வைத்தாள். குப்பி கிடந்த ஐஸ் முழுவதையும் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கொட்டினாள். "தண்டம்" என்று மேரி முணுமுணுத்தாள்.

சொன்ன நாளில் மேரி வரவில்லை. கேட்டால் வியாபாரம் என்றாள். எழில் தினமும் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். அம்மு சிரித்தால் நாக்கைப் பார்த்தாள், இருமினால் தொண்டையைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் மீன்வரத்து இல்லாத ஒரு நாள் மேரி மகளோடு மாடியேறி வந்தாள்.

அந்த வைரஸுக்குள் ஜெல்லிமீனின் ஜீன் ஒன்றையும் வைத்திருந்தார்கள், அடையாளத்துக்கு. அது நுழைந்த செல் நீல விளக்கொளியில் பச்சையாக மின்னும். எலிகளுக்கு அடிக்கிற விளக்கு ஒன்று இருந்தது. பச்சை தெரியவேண்டுமானால் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். டாக்டர் ஒன்று போட்டுக்கொண்டார், எழில் ஒன்று. ஜன்னலைச் சாத்தினார்கள்.

"ஆ காட்டு, ராசாத்தி."

நாக்கு, உதடு, தொண்டை. எல்லாம் இருட்டு. ஒரு பொட்டுப் பச்சை இல்லை. எழிலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அது எங்க குடிச்சிது? நான்தான் தொறந்து, அந்தத் தண்ணிய கைமேலயே வழிய ஊத்திட்டு கழுவிக் குடுத்தேன்" என்றாள் மேரி. "பயந்து சாவுறியே! நல்ல மருந்துதான் போ. கைல கத்தி கிழிச்ச எடம், எப்பவும் உப்புத்தண்ணில ஊறி ஆறவே ஆறாது. இத்த பாரேன், எப்டி மூடிகிச்சின்னு!"

ஆட்காட்டி விரலை நீட்டினாள். நீல வெளிச்சத்துக்குள் நீட்டினாள்.

விரல் நுனி பச்சையாக எரிந்தது. வெட்டு இருந்த இடத்தில் பட்டாணி அளவுக்குச் சதை திரண்டிருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக இருந்தது.

கண்ணாடி இல்லாத மேரிக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டு நின்றாள்.

எழில் டாக்டரைப் பார்த்தாள். அவர் முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. பரீட்சையில் முதலாவதாக வந்த பையன்போல உதடு துடித்தது.

"கேமராவை எடு, எழில்" என்றார் மெல்ல. "அம்மா, நீங்க தினமும் வரணும். உங்க மீனெல்லாம் நானே வாங்கிக்கிறேன்."

"அதுக்கின்னா சார், வந்துட்டா போச்சி!"

எலிகளையும் அவர் இப்படித்தான் தினமும் படம் எடுக்கச் சொல்வார். இதற்கு முன்னால், இந்த ஒரு வாரமாகப் பயந்தது எல்லாம் ஒன்றுமே இல்லை என்று எழிலுக்குப் பட்டது. அவள் கேமராவை எடுக்கவில்லை. தன் மஞ்சள் கண்ணாடியைக் கழற்றி மேரியின் கண்ணில் மாட்டினாள்.

"எழில்!" டாக்டர் அதட்டினார்.

"பாருக்கா. உன் கையைப் பாரு."

மேரி பார்த்தாள். சிரிப்பு அப்படியே உறைந்தது. காலைச் சுற்றிக்கொண்டிருந்த அம்முவை மறுகையால் தூரத் தள்ளினாள். பச்சை விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இன்னாடி இது? புள்ளைக்கு ஒட்டிக்குமா?"

"ஒட்டாதுக்கா. சத்தியமா ஒட்டாது. அது மருந்து இல்ல, சதைய வளக்குற கிருமி. நான் பொய் சொன்னேன். வா, பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். ஒண்ணுவிடாம நானே டாக்டருங்ககிட்ட சொல்றேன்."

மேரி நகரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"ஒட்டாது, சரி. வளர்றது நிக்குமா?"

பின் அறையில் எலிகள் கூண்டுக் கம்பியைக் கொறித்துக்கொண்டிருந்தன. எழில் மேரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிலக்கா. வா, போலாம்."