வெள்ளக் கும்மி

சப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வருஷம், ஆபத்து மருதையாற்று வழியாக வந்து சேர்ந்தது. ஐப்பசி அடைமழையில் கரை உடைந்து, விடிகிற நேரத்தில் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர். அவரவர் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினார்கள். ஜெகதாம்பாள் தூக்கியது உலக்கையை! வீட்டுக்குள் அவள் மாமியார் அம்மாக்கண்ணு நெற்குதிர் மேல் ஏறி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வீரமுத்துதான் கிழவியைத் தோளில் சுமந்து கரை சேர்த்தான்.

அன்றோடு மருமகளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள் அம்மாக்கண்ணு. சோறு போட்டால் சாப்பிடுவாள். "அத்தை" என்று கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "உலக்கைக்கு உள்ள மவுசு இந்த வூட்டுல எனக்கில்லீங்க" என்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று ஜெகதாம்பாள் தவித்துப் போனாள்.

அந்த ஊரில் காணும் பொங்கலுக்குப் பழைய கும்மி எடுபடாது. அந்தந்த வருஷம் நடந்ததைத்தான் ஆட வேண்டும். பாட்டும் அடவும் கட்டுகிறவள் கலியம்மாள். இந்த வருஷம் வெள்ளத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? குனிந்து கொட்டிய கை மேலே மேலே ஏறினால் தண்ணீர் ஏறுகிறது. வட்டம் சிதறினால் ஊர் ஓடுகிறது. ஒருத்தி கோழியோடு, ஒருத்தி விளக்குமாற்றோடு. ஒத்திகையிலேயே சிரித்துப் புரண்டார்கள்.

"ஜெகதா, ஒனக்கு மட்டும் மாத்திடுவோம். நீயே மாமியாளத் தூக்கியார மாதிரி ஆடிடு. கெழவி மனசு எளகிடும்" என்றாள் கலியம்மாள்.

"நான் தூக்கியாரலியேக்கா. நடந்ததையே ஆடுறேன்."

காணும் பொங்கலன்று கோயில் திடலில் ஊர் கூடியது. அம்மாக்கண்ணு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு. ஜெகதாம்பாள் தோளில் இல்லாத உலக்கையைச் சுமந்து ஓடியதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. கரையேறியவள் தன் கையைப் பார்த்தாள். "ஐயோ, அத்தை!" என்று தலையில் அடித்துக்கொண்டு வந்த வழியே பாய்ந்தாள். பெண்கள் கைகோத்து வெள்ளமாக மறித்துத் தள்ளினார்கள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி பாய்ந்தாள். அன்றைக்கு அவரவர் கதறலில் யாரும் கவனிக்காதது இது. சொன்னால் சாக்கு என்பார்களே என்று அவளும் வாய் திறக்காதது.

சிரிப்பு அடங்கிவிட்டது. அம்மாக்கண்ணு எழுந்து விறுவிறுவென்று வட்டத்துக்குள் வந்தாள்.

"ஏண்டி, நீச்சல் தெரியாத நீ தண்ணிக்குள்ளயா எறங்குன? செத்துகித்துப் போயிருந்தா நான் என்னடி பண்ணுவேன்? சொல்ல வாயில்ல ஒனக்கு?"

ஜெகதாம்பாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கிழவி விடவில்லை. "குதிரு மேல நான் கத்துன கத்து இவளுவளுக்கு என்னா தெரியும்? தள்ளுங்கடி!" என்று சேலையை இழுத்துச் சொருகி நடுவில் குந்தினாள். "ஜெகதா! அடியே ஜெகதா!" என்று திடலே அதிரக் கூவினாள்.

கூட்டத்திலிருந்த வீரமுத்து பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டான். பக்கத்திலிருந்தவர்கள் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். அதற்குள் ஜெகதாம்பாள் ஓடிவந்து மாமியாரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.